பத்திரிகைக்கு மேலே நாலு வரி

முத்தையாபுரம்,
சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய சம்பந்தி, சாத்தான்குளம் அய்யாக்குட்டி அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, முத்தையாபுரம் தங்கதுரை பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும், என் வீட்டுக்காரி இந்துமதியும், மகள் முத்துச்செல்வியும் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே தாங்களும், சம்பந்தி அம்மாவும், மாப்பிள்ளை ஜெயகணேஷும், தங்கள் கடையும், கடைக்கு ஆணியும் கம்பியும் வாங்க வருகிறவர்களும் எல்லோருமே சௌக்கியமாக இருக்க முத்தாரம்மனை வேண்டிக்கொள்கிறேன். அங்கே வெயில் எப்படி இருக்கிறது? இங்கே உப்பளக்காரர்கள் மட்டும் சந்தோஷமாகத் திரிகிற வெயில்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாய் திறந்தால் பக்கத்தில் நிற்கிற இந்துமதி பிடுங்கிக்கொள்கிறாள். தவிரவும் விஷயம் பெரியது. ஒரு மூச்சில் சொல்லக்கூடியதில்லை. நேற்று தாங்கள் கூப்பிட்டு, வைகாசி முகூர்த்தத்துக்கு ஊரெல்லாம் பத்திரிகை கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் பெண் வீட்டிலிருந்து ஒரு கார்டுகூட வந்து சேரவில்லையே என்று கேட்டீர்கள். நான் இழுத்தேன். அப்போது தாங்கள் குரலை ஏற்றாமல் இறக்காமல், "ஒங்க மனசுல என்னதான் இருக்குன்னு நேரா சொல்லிருங்க சம்பந்தி. நாங்களும் எம்புட்டு நாளுதான் காத்துக் கெடக்க?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால், இரண்டாம் தடவை கேட்டு வாங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயம் முடிந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் பெற்றவன் என்ன பாடுபடுவான் என்று தங்களுக்குத் தெரியாததா? ஆகவே அம்மன் சாட்சியாகச் சொல்கிறேன். எங்கள் மனசு மாறவில்லை. வேறு இடம் பார்க்கவில்லை. மாப்பிள்ளை மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பத்திரிகை தாமதமானதற்கு ஒரே காரணம் கவிதை.

நிச்சயத்தன்று சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது, பத்திரிகைக்கு மேலே நாலு வரி நல்லதாக இருக்க வேண்டும் என்று தாங்கள்தான் பேச்சை எடுத்தீர்கள். எடுத்த வாய் மூடுவதற்குள் நான், "அத நான் எழுதுதேன்" என்று சொல்லிவிட்டேன். தாங்கள் குனிந்து வெற்றிலையைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தீர்கள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு ஏன் அந்தத் தைரியம் வந்தது என்றால், துறைமுகத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மில்லர்புரத்தில் ஒரு டுட்டோரியல் மாடியில் கூடுகிற கவிதை வட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். சேர்ந்த நாளிலிருந்தே வெண்பா எழுத வேண்டும் என்று ஒரு ஆசை. வெண்பாவைக் கண்டு மற்றவர்கள் பயப்படுவார்கள். நான் பயப்படவில்லை. நான் பார்த்தது எடைமேடை வேலை. காலி லாரியை ஒரு தரம், சரக்கு லாரியை ஒரு தரம் எடை பார்த்து அனுப்பியே தலை நரைத்தவன். வெண்பாவும் அதே வேலைதான். ஒவ்வொரு சொல்லும் எடை பார்த்துத்தான் உள்ளே போகும். ஒரு சொல் இப்படி முடிந்தால் அடுத்த சொல் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. பொருந்தாவிட்டால் தளை தட்டுகிறது என்பார்கள். லாரி கேட்டில் இடித்து நின்றுவிடும், அவ்வளவுதான்.

முதலில் இடித்தது தங்கள் ஊர். சாத்தான்குளம் வெண்பாவுக்குள் நுழையாது அண்ணாச்சி. நான் சொல்லவில்லை, இலக்கணம் சொல்கிறது. அது கனிச்சீராம், வெண்பா கனிச்சீரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். சரி, ஊரை இரண்டாக வெட்டி ஏற்றிப் பார்ப்போம் என்று வெட்டினால், முதல் வரியில் சாத்தான் தனியாக நிற்கிறான். கல்யாணப் பத்திரிகையில் அது நன்றாகவா இருக்கும்? அக்கம்பக்கத்து ஊர்களை ஒவ்வொன்றாக எடை பார்த்தேன். நாசரேத் இடிக்காமல் உள்ளே போனது. ரெண்டு ஊரும் பக்கம்தானே, பஸ்ஸில் போகிற தூரம், யார் கேட்கப் போகிறார்கள் என்று போட்டுவிட்டேன். மாப்பிள்ளை பெயரில் 'ஜெ'யும் 'ஷ்'ஷும் இருக்கின்றன. மரபுக் கவிதைக்கு அந்த எழுத்துகள் ஆகாது என்று எங்கள் வட்டத்தில் சொல்லிவிட்டார்கள். நாசரேத்துக்கு எதுகையாக ராசன் தானாக வந்து உட்கார்ந்தான். என் மகள் பெயரைப் போடலாம் என்று பார்த்தால், முத்து நல்ல சொல், செல்வி நல்ல சொல், இரண்டும் அடுத்தடுத்து நின்றால் தளை தட்டுகிறது. பெயர் வைத்த அன்று இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முல்லை என்று போட்டேன். எல்லாம் முடிந்து பார்த்தால், நான்கு அடியும் தட்டாமல் முட்டாமல் நிற்கிறது. தாங்களே பாருங்கள்:

நாசரேத் வாழும் நவமணியாம் ராசனுக்கு
ஆசையுடன் முல்லை அணிமாலை — நேசமுடன்
சூட்டும் திருநாளில் சுற்றமெலாம் வந்திருந்து
கேட்டு மகிழ்வீர் கவி.

அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தெருவில் போகிற தண்ணீர் லாரிக்காரனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவன் நல்லாருக்கு அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, ரெண்டு குடம் கூடுதலாகவும் ஊற்றிவிட்டுப் போனான். இந்துமதி மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தரம் படித்தாள். "இது யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டாள். நான் கனிச்சீரைப் பற்றி விளக்கினேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டே, கடைசி வரியில் கவி கேட்க வாருங்கள் என்று இருக்கிறது, வருகிறவர்களுக்குச் சாப்பாடு உண்டா இல்லையா என்று கேட்டாள். சாப்பாட்டுக்கு அந்த அடியில் இடம் இல்லை.

எங்கள் வட்டத்தில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், செய்கு அப்துல் காதிர் பாய். கப்பலில் உலகமெல்லாம் சுற்றியவர். அவரிடம் போய்க் கையைப் பிசைந்தேன். வெண்பாவில் மனுஷப் பெயருக்கு இடமில்லை என்றால் ஹைக்கூவுக்குப் போங்கள், மூன்றே வரி, ஜப்பான்காரன் அதிலேயே குடும்பம் நடத்துகிறான் என்றார். ஹைக்கூவில் பருவம் வர வேண்டும், கண்ணால் கண்ட காட்சி வர வேண்டும், சொல்லாமல் விட வேண்டியதைச் சொல்லாமல் விட வேண்டும். நான் முத்தையாபுரத்தில் கண்ணால் காண்பது உப்பளம். ஆகவே,

உப்பளத்தில் மழை
அள்ள ஒன்றுமில்லை
அனைவரும் வருக

என்று எழுதி, இந்துமதியிடம் காட்டாமல் நேராக அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அச்சகம் நடத்துகிற இனிகோ நல்ல பையன், பொறுமைசாலி. பொறுமைதான் வினையாகப் போயிற்று. கார்டு அச்சாகிவிடும் என்று நான் வீட்டில் இருக்கிறேன். அவன் மீதி வரி வரும் என்று கடையில் இருக்கிறான். இப்படியே போகிறது நாள். கடைசியில் நான் போய்க் கேட்டால், "நீங்க மிச்சத்தத் தந்தாத்தான அடிக்க முடியும் அண்ணாச்சி" என்கிறான். மிச்சம் இல்லை, மிச்சத்தைச் சொல்லாமல் விடுவதுதான் அதன் அழகு என்று சொன்னேன். அவன் என்னை நாற்காலியில் உட்கார வைத்து மோர் வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குப் போன் போட்டுவிட்டான். இந்துமதி வந்து அந்தக் காகிதத்தைப் படித்தாள். உப்பளத்தில் மழை பெய்தால் யாருக்கு லாபம் என்று தூத்துக்குடியில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், கல்யாணப் பத்திரிகையில் முதல் வரியிலேயே நட்டத்தைப் போட்டிருக்கிறீர்களே என்றாள். காட்சியாகப் பார் என்றேன். அவள் உப்பு வியாபாரி மகள். அவளுக்கு அது காட்சியாகத் தெரியவில்லை.

அடுத்தது புதுக்கவிதை. இதில்தான் வினை முற்றியது, தங்கள் வீடு வரைக்கும் வந்ததும் இதனால்தான், ஆகவே இந்த இடத்தைத் தாங்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். புதுக்கவிதைக்கு எடை கிடையாது, எதுகை கிடையாது, மனசில் பட்டதை எழுதினால் போதும் என்று சொன்னார்கள். ஒருநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, மனசில் என்ன பட்டிருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து பந்தல், சமையல், நகை என்று ஓடிக்கொண்டிருந்தவன் அப்போதுதான் உட்கார்ந்து பார்க்கிறேன். பார்த்தால் அங்கே சந்தோஷத்துக்கு அடியில் வேறு ஒன்று இருக்கிறது. எழுதினேன்:

மகளே,
இனி
காலைக் காப்பிக்கு
இரண்டு தம்ளர்
போதும்.

இது பத்திரிகைக்கு ஆகாது என்று எழுதும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுதினதைக் கிழிக்க மனசு வரவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். முத்துச்செல்வி ஆபீசுக்குக் கிளம்பி வந்தவள் அதைப் படித்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான் துண்டோடு வெளியே வந்து பார்க்கிறேன், மகள் தேம்பிக்கொண்டிருக்கிறாள். பெற்ற மகள் அழுகிறாள் என்று வருத்தப்பட வேண்டும். பட்டேன். ஆனால் அந்த வருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக, நம்ம எழுதினதைப் படித்து ஒரு ஆள் அழுகிறது என்று ஒரு பெருமையும் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. இந்துமதி வந்து, போகிற பிள்ளையைப் போகாதே என்று சொல்கிறீர்களா, பிள்ளைக்கு ஏற்கெனவே தூக்கம் இல்லை என்று என்னைச் சத்தம் போட்டுவிட்டு, அவளும் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, அவளும் மூக்கைச் சிந்த ஆரம்பித்தாள்.

சரியாக அந்த நேரத்தில், மில்லர்புரத்தில் இருக்கிற தங்கள் தங்கை, முகூர்த்தப் பட்டுக்கு ரவிக்கை தைக்க அளவு ஜாக்கெட் வாங்கிப்போக வந்து நின்றார்கள். பெண் அழுகிறாள், பெண்ணின் அம்மா அழுகிறாள், பெண்ணின் அப்பா இடுப்பில் துண்டோடு நிற்கிறான். நான் எப்படியோ சமாளித்து, உட்காரச் சொல்லி, காப்பி போட்டுக் கொண்டுவந்து நானே கையில் கொடுத்தேன். தம்ளரை வைக்க இடம் பார்த்தவர்கள் மேஜையில் கிடந்த இன்னொரு காகிதத்தைப் பார்த்தார்கள். அதில் என்னுடைய வெண்பா. நாசரேத் வாழும் நவமணியாம் ராசனுக்கு என்று சத்தமாகவே படித்தார்கள். கீழே 'இப்படிக்கு, பெண்ணின் தகப்பன் தங்கதுரை' என்று நான் அழகாகக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன். அவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்தார்கள். "நான் இன்னொரு நாளு வாரேன் மைனி" என்று இந்துமதியிடம் சொல்லிவிட்டு, ஜாக்கெட்டைக்கூட வாங்காமல் போய்விட்டார்கள். நான் துண்டோடு தெருமுனை வரை ஓடினேன். "எதுகைதான் அக்கா, எதுகைக்காகப் போட்டது" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். ஆட்டோ போய்விட்டது. தங்களிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்ததைச் சொல்லியிருந்தால் அதுவே போதும். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அதற்கு மறுநாள்தான் தாங்கள் போன் செய்தது. போன் வந்ததும் இந்துமதி, தன் அக்கா சீனித்தாயை உடனே புறப்பட்டு வரச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் காரியம் கைமீறினால் சீனித்தாய் அக்காதான். வந்தவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் காரணம் குலதெய்வத்தை மறந்ததுதான், முதல் பத்திரிகையை அம்மன் காலடியில் வைத்துவிட்டு அல்லவா மற்ற வேலை என்றார். எனக்குச் சுருக்கென்று பட்டது. உடனே எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்துமதி அதைக் கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டாள், ஆனால் நான் சொல்ல வந்தது நல்ல யோசனை. அம்மனுக்கு வெண்பாவும் ஹைக்கூவும் எதற்கு? அம்மன் கேட்டு வளர்ந்தது வில்லுப்பாட்டு. வில்லுப்பாட்டில் ஊர் பெயர் இடிக்காது, ஆள் பெயர் இடிக்காது. தாளம் இழுத்துக்கொண்டு போய்விடும். வில்லுக்கு எங்கே போவது? எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, பனையோலை விசிறியை மடக்கிக் குடத்தில் தட்டிக்கொண்டு, நேற்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து பாடினேன்.

சாத்தான்குளமாம் சாத்தான்குளம் — அந்தச்
சந்தைக்கு மேற்கே பெரிய கடை
ஆணியும் கம்பியும் விக்கிற அண்ணாச்சி
அய்யாக்குட்டி பெத்த பிள்ளையடி

என்று எடுத்தேன் பாருங்கள், இந்துமதியே சிரித்துவிட்டாள். முத்துச்செல்வி உள்ளே இருந்து ஓடி வந்து கை தட்டினாள். இத்தனை நாளில் மாப்பிள்ளை ஊரும் தங்கள் பெயரும் என் பாட்டில் முழுசாக வந்தது அன்றுதான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தாளத்தைக் கூட்டி, முத்தாரம்மா ஓடி வாம்மா, முன்னே வந்து நில்லம்மா என்று அழைப்புக்குப் போனேன். கூப்பிட்டால் வருவாள் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு சீக்கிரம் வருவாள் என்று தெரியாது. கொடைத் திருவிழாதோறும் கோயிலில் மட்டும் சாமியாடுகிற சீனித்தாய் அக்கா, கூடத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்தவர், முறுக்கை வைத்துவிட்டு எழுந்து நின்றார். கொண்டை அவிழ்ந்தது. இந்துமதி மஞ்சள் தண்ணீருக்கு ஓடினாள். நான் குடத்தை விட்டுவிட்டு எழுந்திருக்கப் பார்த்தால், ஆத்தாள் என் முன்னால் வந்து நிற்கிறாள்.

"ஏலே தங்கதொர, எனக்கு மொதப் பத்திரிக எங்கலே?"

நான் விழுந்து கும்பிட்டு, "தாயே, பாட்டு இன்னும் அமையல" என்றேன்.

"பாட்ட நான் கேட்டனா? தேதியப் போட்டுக் கொண்டாலே."

அவ்வளவுதான் சொன்னாள். திருநீறு பூசினதும் மலையேறிவிட்டாள். அக்கா உட்கார்ந்து, தொண்டை வறண்டுவிட்டது என்று கடுங்காப்பி கேட்டார். என்ன நடந்தது என்று அவருக்கு ஒன்றும் நினைவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆகவே சம்பந்தி, அந்த இடத்திலேயே சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். இனிமேல் கவிதை இல்லை. வெண்பா இல்லை, ஹைக்கூ இல்லை, ஒன்றும் இல்லை. இனிகோவிடம் சொல்லியாகிவிட்டது. பத்திரிகைக்கு மேலே அம்மன் படம், அதற்குக் கீழே தேதி, நேரம், மண்டபம், பெயர்கள். மாப்பிள்ளை பெயர் 'ஜெ'யோடும் 'ஷ்'ஷோடும் இருக்கும். சாத்தான்குளம் சாத்தான்குளமாகவே இருக்கும். நாளைக்கு அச்சு. செவ்வாய்க்கிழமை முதல் கார்டு அம்மன் காலடியில். அங்கிருந்து நேராக நானும் இந்துமதியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறோம். தாங்கள் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் வாங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

கவிதையை விட்டதில் எனக்கு வருத்தமா என்று கேட்டால், பெரிதாக இல்லை. இந்தச் சில வாரங்கள் நான் சந்தோஷமாகவே இருந்தேன். ஊரான் சரக்கை எடை போட்டே காலம் கழித்தவன், எனக்கென்று ஒரு சரக்கு ஏற்றிப் பார்த்தேன். நகையும் பாத்திரமும் கடையில் வாங்கிவிடலாம்; மகளுக்கு என் கையால் ஆனதாக ஒன்று அந்தப் பத்திரிகையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான் மகளிடம் வாய் திறந்து பிரியத்தைச் சொல்கிற ஆள் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. எழுதினால் சொன்ன மாதிரி ஆகுமே என்று பார்த்தேன். அந்தக் காப்பிக் கவிதையை முத்துச்செல்வி மடித்துத் தன் கைப்பையில் வைத்திருக்கிறாள் என்று இந்துமதி சொன்னாள். எனக்கு அது போதும். இனி வட்டத்துக்குப் போனால் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, வடை சாப்பிட்டுவிட்டு வருவேன்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம்; வெயிலில் பைக்கில் அலைய வேண்டாம் என்று சொல்லவும். தங்கள் தங்கைக்கு என் மன்னிப்பு. அளவு ஜாக்கெட் பத்திரமாக இருக்கிறது, வருகிற அன்று காப்பியும் புதிதாகப் போடப்படும். அம்மன் அருளால் இரண்டு குடும்பமும் ஆல்போல் தழைத்து, இந்தக் கல்யாணம் ஒரு கவிதையும் இல்லாமல் நல்லபடியாக நடந்தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சு. தங்கதுரை
(எடைமேடை, ஓய்வு)

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் சம்பந்தி அம்மா இந்துமதிக்குப் போன் செய்தார்கள். இந்துமதி ஸ்பீக்கரில் போட்டாள். தங்கள் தங்கை நாசரேத் ராசன் கதையைச் சொன்னபோது தாங்கள் கடையில் விழுந்து விழுந்து சிரித்தீர்களாமே. "நாசரேத்துன்னு எடுத்துட்டா ராசன்னுதான் வரணும், மனுசன் வேற எங்க போவாரு" என்று சொன்னீர்களாமே. அப்போதே எனக்குப் பொறி தட்டியது. எதுகை தெரியாத ஆள் சொல்கிற பேச்சா அது? பிறகுதான் சம்பந்தி அம்மா முழுவதையும் சொன்னார்கள். நிச்சயத்தன்று வெற்றிலை போடும்போது தாங்கள் அந்த நாலு வரிப் பேச்சை எடுத்ததே, நான் எழுதுகிறேன் என்று சொல்லத்தானாம். நான் முந்திக்கொண்டேன். பெண் வீட்டார் நம்மையும் ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று காத்துக் காத்துப் பார்த்து, கேட்கவே இல்லை என்ற மனத்தாங்கலில்தான் நேற்று அந்தப் போனாம். ஆணி பொட்டலம் கட்டுகிற காகிதத்தில் மூன்று அடி எழுதி வைத்துக்கொண்டு, நாலாவது வராமல், கடைக்கு வருகிறவர்களுக்குச் சில்லறையைக்கூடத் தப்பாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களாம். அந்த மூன்று அடியையும் அவர்கள் போனில் படித்தார்கள். நான் எழுதி வைத்துக்கொண்டேன்:

ஆணிவிற்கும் சின்னக் கடைக்காரன் வீட்டுக்கு
ராணியென வந்தாள் வரமாகப் — பேணியே
முத்துச்செல்வி எங்கள் மகளென்று வைத்திருப்போம்

அண்ணாச்சி, முதல் அடி சுத்தம். இரண்டாம் அடி சுத்தம். மூன்றாம் அடி முதல் சீரிலேயே இடிக்கிறது. எடை கூடிய பெயர் அது, எனக்குத் தெரியும்; அதனால்தான் பெற்ற தகப்பன் நான் அதை இறக்கிவிட்டு முல்லை என்று போட்டேன். தாங்கள் முழுசாக ஏற்றி வந்திருக்கிறீர்கள். இதைக் கேட்டதும் முத்துச்செல்வி அதை ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்துமதி, நல்ல இடத்தில்தான் கொடுக்கிறோம் என்றாள். இனிகோவுக்குப் போன் போட்டு அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அம்மன் பாட்டை நான் கேட்டேனா என்றுதான் சொன்னாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தேகம் கேட்கலாம் என்றால் சீனித்தாய் அக்கா ஊருக்குப் போய்விட்டார். நாலாவது அடிக்கு என்னிடம் ரெண்டு மூன்று யோசனை இருக்கிறது. நான் இப்போதே சாத்தான்குளம் பஸ் ஏறுகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும், ஆகவே மேலே எழுதியிருப்பதைத் தாங்கள் படிக்க வேண்டாம். நான் வருகிறவரை நாலாம் அடியை வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். மூன்றாம் அடியை யார் சொன்னாலும் திருத்தாதீர்கள். நானே வந்து சொன்னாலும் திருத்தாதீர்கள்.